கௌபாய் கட்டிய கோயில்

1969, ஏப்ரல் மாதம். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அணுசக்திக் கூட்டுக் குழு கூடியிருக்கிறது. சாட்சி நாற்காலியில் ஒரு விஞ்ஞானி. கேள்வி கேட்பவர் செனட்டர் ஜான் பாஸ்டோர். விஷயம், பணம்! சிகாகோவுக்குப் பக்கத்தில், சோளக்காட்டுக்கு நடுவே, புரோட்டான்களை ராட்சச வேகத்தில் விரட்டும் ஓர் இயந்திரத்தைக் கட்டவேண்டும். செலவு 25 கோடி டாலர். அந்தப் பக்கம் வியட்நாம் யுத்தம் பணத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. நிலாவில் ஆள் இறங்க இன்னும் மூன்றே மாதம். ஆளாளுக்குக் கையை நீட்டுகிற நேரம்.

பாஸ்டோர் ஒன்றும் எதிரி அல்ல. உண்மையில், அவர் கை கொடுக்கத்தான் பார்த்தார். 'இந்த மெஷினால் நாட்டின் பாதுகாப்புக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?' என்று கேட்டார். தலையை ஆட்டியிருந்தால் போதும். அந்தக் காலத்தில் 'ரஷ்யாக்காரன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் கஜானா தானாகத் திறக்கும்!

விஞ்ஞானி, 'இல்லை' என்றார்.

செனட்டர் விடவில்லை. துளிகூடவா இல்லை? ரஷ்யாவோடு போட்டி போடவாவது உதவாதா? மறுபடியும் அதே 'இல்லை'. பிறகு அந்த மனிதர் நிதானமாக விளக்கினார். இது, மனிதர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு மதிக்கிறோம் என்பது சம்பந்தப்பட்ட சமாசாரம். நம்மிடையே நல்ல ஓவியர்கள், சிற்பிகள், பெரும் கவிஞர்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறோமே, அந்த வரிசையில் சேர்ந்தது. நாட்டைப் பாதுகாக்க இது நேரடியாக எதுவும் செய்யாது. பாதுகாக்கத் தகுதியுள்ள நாடாக அதை ஆக்குவதற்கு வேண்டுமானால் உதவும்!

பணம் கிடைத்துவிட்டது. அறிவியலுக்கு நிதி கேட்டுப் போகிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பதிலை மேற்கோள் காட்டுகிறார்கள். சாமர்த்தியமான வசனம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பின்னால் 24 வருட மன உறுத்தல் இருந்தது. அவர் பெயர் ராபர்ட் ராத்பன் வில்சன். தொழில், இயற்பியல். இன்னொரு தொழில் ('பொழுதுபோக்கு' என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள்!) சிற்பம்.

வில்சன் பிறந்தது 1914-ல், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஃபிரான்டியர் என்ற குட்டி ஊரில். சினிமாவில் பார்ப்போமே, அதே கௌபாய் பிரதேசம்! குதிரை, மாடு, பண்ணை என்று வளர்ந்த பையன். பண்ணையில் ஒரு கருவி உடைந்தால் டவுனுக்கு ஓட முடியாது. கொல்லுப் பட்டறையில் நெருப்பை மூட்டி நாமே அடித்துச் சரிபண்ண வேண்டியதுதான். 'எதையும் நம்ம கையால் செய்ய முடியும்' என்கிற தைரியம் அங்கே வந்தது. கடைசிவரை அது போகவில்லை.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸிடம் மாணவராகச் சேர்ந்தார். அணுத்துகள்களை வட்டமாகச் சுற்றவிட்டு வேகம் ஏற்றும் 'சைக்ளோட்ரான்' இயந்திரத்தைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கியவர் லாரன்ஸ். மகா கோபக்காரர். பணம் தரக்கூடிய ஒரு பெரிய மனிதருக்கு இயந்திரத்தை ஓட்டிக் காட்டவேண்டிய சமயத்தில், வில்சன் ஒரு ரப்பர் வளையத்தைத் தொலைத்துவிட்டார். 'வெளியே போ!' என்றார் லாரன்ஸ். பிறகு சமாதானமாகித் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்து, வெல்டிங் செய்யும்போது விலை உயர்ந்த ஒரு குறடை உருக்கிவிட்டார் வில்சன். மறுபடியும் 'வெளியே போ!' இந்த முறை திரும்பக் கூப்பிட்டும் அவர் வரவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். இயற்பியலில் ஒருவர் வெல்டிங்கால் வேலையை இழந்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். இந்த வெல்டிங்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

பிரின்ஸ்டனில் இருந்தபோதுதான் யுத்தம் அமெரிக்காவை எட்டியது. 'ஹிட்லர் கையில் அணுகுண்டு முதலில் கிடைத்துவிட்டால்?' என்ற பயம் விஞ்ஞானிகளை ஆட்டியது. வில்சன் அங்கேயே ஆள் திரட்டினார். ஓர் ஆராய்ச்சி மாணவரின் அறைக்குப் போய் ரகசியத்தைச் சொல்லி, 'வர்றியா?' என்று கேட்டார். பையன் முதலில் முடியாது என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மனசு மாறி வந்து சேர்ந்தான். அந்தப் பையன்தான் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற ரிச்சர்ட் ஃபைன்மன்!

1943-ல் எல்லோரும் லாஸ் அலமாஸ் பாலைவனத்துக்குப் போனார்கள். வில்சன் சைக்ளோட்ரான் குழுவின் தலைவர். வயது 29. அங்கிருந்த குழுத் தலைவர்களிலேயே இளையவர் அவர்தான்.

2023-ல் வந்த 'ஓப்பன்ஹைமர்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் வில்சனுக்குப் பெரிய இடம் இல்லை. ஆனால் நிஜத்தில், ஒரு முக்கியமான காரியம் செய்தவர் அவர். ஜெர்மனி தோற்கப்போகிறது என்று தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. அப்படியானால் இந்தக் குண்டு எதற்கு? 'இந்தச் சாதனம் மனித நாகரிகத்தை என்ன செய்யும்?' என்ற தலைப்பில் ஒரு கூட்டம் போடுவதாக நோட்டீஸ் ஒட்டினார் வில்சன். 'சாதனம்' என்பது அங்கே அணுகுண்டுக்குச் செல்லப்பெயர். 'வேண்டாம்ப்பா, வம்பு!' என்கிற மாதிரி ஓப்பன்ஹைமர் தடுத்துப் பார்த்தார். வில்சன் கேட்கவில்லை. கூட்டம் நடந்தது. கடைசியில் ஓப்பன்ஹைமரும் வந்தார். வந்து, தன் பாணியில் பேசினார். குண்டு இருப்பது உலகத்துக்குத் தெரிந்தே ஆகவேண்டும். ஐக்கிய நாடுகள் சபை உருவாகப்போகிறது. இப்படி ஓர் ஆயுதம் இருப்பது தெரியாமல் அவர்கள் போடும் சமாதானத் திட்டத்துக்கு அர்த்தமே இருக்காது... எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். வில்சனும்தான். எல்லோரும் முன்னைவிட வேகமாக வேலைக்குத் திரும்பினார்கள்.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. எந்தப் பயத்துக்காக ஆரம்பித்தார்களோ, அந்தப் பயம் செத்துவிட்டது. ஆனால் யாரும் கருவியைக் கீழே வைக்கவில்லை. (அதற்கும் முன்பே, 1944-ன் இறுதியில், மனசாட்சி உறுத்தி விலகிப் போனவர் ஜோசப் ரோட்பிளாட். 1995-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.) ஜூலை 16-ம் தேதி பாலைவனத்தில் முதல் குண்டு வெடித்தது. ஊரே கொண்டாடியது. ஃபைன்மன் ஒரு ஜீப்பின் மேல் உட்கார்ந்து டிரம் வாசித்துக்கொண்டிருந்தார். ஓர் ஆள் மட்டும் மூலையில் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அது வில்சன். 'பயங்கரமான ஒன்றைச் செய்துவிட்டோம்' என்பதுதான் அவர் சொன்னது. 'நீங்கதானே எங்களை இதில் இழுத்துவிட்டீங்க!' என்றார் ஃபைன்மன். அடுத்த மாதம் ஹிரோஷிமா. பிறகு நாகசாகி.

'ஜெர்மனி தோற்றவுடன் கிளம்பிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!' என்பதை வில்சன் பல வருடம் கழித்தும் வெளிப்படையாகச் சொல்லி வருந்தினார். விலகலாமா, வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் தங்கியிருந்தால்கூட ஒரு கணக்கு. யோசனையே வரவில்லை என்பதுதான் அவரைக் குடைந்தது. வேலை அவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தது! திறமைசாலிகள் எல்லோரும் கவனிக்கவேண்டிய இடம் இது.

அப்புறம்? ஆயுத வேலைக்கு ஒரு கும்பிடு போட்டார். அணு ஆராய்ச்சி ராணுவத்தின் பிடிக்குள் போய்விடக்கூடாது என்று போராடிய விஞ்ஞானிகள் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1946-ல், 32 வயதில், ஒரு மருத்துவப் பத்திரிகையில் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினார். எக்ஸ் கதிர், உடம்புக்குள் நுழைந்த இடத்திலிருந்து வெளியேறும் இடம்வரை வழியெல்லாம் சுட்டுக்கொண்டே போகும். புரோட்டான் அப்படியில்லை. வழியில் சில்லறைச் செலவு, கடைசி ஸ்டாப்பில் மொத்தப் பர்ஸும் காலி! அந்தக் கடைசி ஸ்டாப் எவ்வளவு ஆழத்தில் என்பதை நாம் தீர்மானிக்கலாம். ஆகவே, புற்றுக்கட்டியைக் குறிவைத்துத் தாக்கிவிட்டு, அதன் பின்னால் இருக்கும் நல்ல திசுவைக் காப்பாற்றலாம் என்றார் வில்சன். எட்டு வருடம் கழித்து, 1954-ல், பெர்க்லியில் முதல் நோயாளிக்கு அந்தச் சிகிச்சை நடந்தது. 2019-ல் சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் திறக்கப்பட்டதே, தெற்காசியாவில் முதலாவது என்று செய்தி படித்தோமே... அதன் கொள்ளுத்தாத்தா அந்தக் கட்டுரைதான். குண்டு செய்த கையிலிருந்து ஒரு வருடத்துக்குள் வந்தது!

1947-லிருந்து இருபது வருடம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை. ஒன்றன்பின் ஒன்றாகத் துகள் இயந்திரங்கள் கட்டினார். பக்கத்திலேயே கல்லும் மரமும் உலோகமும். 1961-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு ரோம் நகருக்குப் போய், அங்கே நுண்கலை அகாடமியில் முறைப்படி சிற்பம் படித்தார். இது ஐம்பதை நெருங்கும் பேராசிரியர்!

இங்கேதான் நாம் வழக்கமாக ஒரு தப்புக் கணக்குப் போடுகிறோம். ஐன்ஸ்டீன் வயலின் வாசித்தார், ஃபைன்மன் டிரம் வாசித்தார், படமும் வரைந்தார், அதுபோல வில்சன் சிலை செய்தார் என்று. இல்லை. வில்சனுக்கு இரண்டும் ஒரே வேலை. துகள் இயந்திரத்தை வடிவமைக்கும்போதும் கோடுகள் ஓட்டமாக இருக்கின்றனவா, கனபரிமாணங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா என்று சிற்பியின் கண்ணால்தான் பார்த்தார். அதை மறைக்கவும் இல்லை.

ஓர் உதாரணம். அறுபதுகளின் நடுவில், 200 பில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள இயந்திரத்துக்குப் பெர்க்லிக்காரர்கள் திட்டம் போட்டார்கள். மதிப்பீடு 34 கோடி டாலருக்கும் மேல். அதைப் பார்த்து வில்சன் முகம் சுளித்தார். பயந்து பயந்து போட்ட திட்டம், பணம் கொழுத்த திட்டம், போதாக்குறைக்கு அழகும் இல்லை! 1965-ல் பாரிஸில் மாலை நேரத்தில், மாடலை உட்கார வைத்து உருவம் வரையும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்தவர், உருவத்தை விட்டுவிட்டு இயந்திரத்தை வரைய ஆரம்பித்துவிட்டார். இன்னும் மெலிதாக, இன்னும் எளிதாக, இன்னும் மலிவாக! சிற்பி கல்லில் வேண்டாததைத் தட்டி எறிவதுபோல, வேண்டாத செலவைத் தட்டி எறிந்தார். 'நீயே வந்து கட்டு' என்று 1967-ல் இயக்குநர் பதவியைக் கொடுத்துவிட்டார்கள். இலினாய் மாநிலத்தில் 6,800 ஏக்கர் நிலம். பிற்பாடு 'ஃபெர்மிலாப்' என்று பெயர் வைக்கப்பட்ட ஆராய்ச்சிக்கூடம்.

பூமிக்கு அடியில், இரண்டு கிலோமீட்டர் விட்டமுள்ள வளையம். அதில் 1,014 காந்தங்கள். இவ்வளவு மலிவாகக் கட்டினால் வினை வராமல் இருக்குமா? 1971-ல் சுரங்கத்தில் ஈரம் கோத்து, காந்தங்களின் காப்புறை விரிசல் விட்டு, ஒவ்வொன்றாகப் புகைந்தன. கிட்டத்தட்ட 350 காந்தங்கள் அவுட்! எதிராளிகள், 'நாங்கள்தான் சொன்னோமே' என்றார்கள். துகள் போகும் குழாய்களுக்குள் கிடந்த குப்பையை எடுப்பதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கீரி மாதிரி இருக்கும் 'ஃபெரட்' என்ற பிராணியை வாங்கி, 'ஃபெலிசியா' என்று பெயர் வைத்து, அதன் கழுத்துப் பட்டையில் நூலைக் கட்டிக் குழாய்க்குள் விட்டார்கள். அது மறுமுனையில் வந்து எட்டிப் பார்த்ததும், நூலோடு துடைப்பானைக் கட்டி இழுத்துச் சுத்தம் செய்தார்கள். 25 கோடி டாலர் திட்டத்தில் கீரிப்பிள்ளை உத்தியோகம்!

வில்சன் அசரவில்லை. ஒரு இயந்திரம் முதல் நாளே கச்சிதமாக ஓடினால், தேவைக்கு மேல் பணத்தையும் நேரத்தையும் கொட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்... இது அவருடைய சித்தாந்தம். 1972 மார்ச் 1-ம் தேதி இயந்திரம் 200-ஐத் தொட்டது. அந்த வருடம் முடிவதற்குள் 400. கொடுத்த பணத்துக்குள்ளேயே, சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே!

சிக்கனம் இயந்திரத்தில். அழகில் கஞ்சத்தனம் கிடையாது. நடுவில் 16 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. இரண்டு கோபுரங்கள் மேலே போகப்போக வளைந்து நெருங்கி, கூப்பிய கைகள் மாதிரி இருக்கும். ஃபிரான்ஸில் உள்ள பொவே என்ற ஊரின் தேவாலயம்தான் வில்சனுக்கு மாதிரி. அந்தத் தேவாலயத்தின் கதை தெரியுமோ? எல்லோரையும்விட உயரமாகக் கட்டுகிறோம் என்று கிளம்பி, 1284-ல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அப்படியும் அடங்காமல் 153 மீட்டர் கோபுரம் எழுப்பினார்கள். 1573-ல் அதுவும் விழுந்தது. எட்ட முடியாததை எட்டப் பார்த்தவர்களின் கோயில்! துகள் இயந்திரம் கட்டுகிறவனும் அந்தக் காலக் கோயில் ஸ்தபதியும் ஒரே ஜாதி என்பது வில்சனின் எண்ணம். இரண்டு பேருமே அன்றைய தொழில்நுட்பத்தை அதன் எல்லைவரை இழுத்துப் பார்த்தார்கள். விழுந்தால் மறுபடி கட்டினார்கள்.

மின்சாரக் கம்பம்கூட அவருக்குச் சாதாரணமாக இருக்கக்கூடாது. கிரேக்க எழுத்து 'பை' வடிவத்தில் வரிசையாக நட்டார். 1969-ல் காட்டெருமைகளைக் கொண்டுவந்து மேயவிட்டார். வயோமிங் பையன் அல்லவா! ஆனால் எல்லாவற்றையும்விட அழகான காரியம், சிலையும் இல்லை, எருமையும் இல்லை. கறுப்பின மக்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கவே மறுத்த காலம் அது. 1968-ல், 'இந்தக் கூடத்தில் மனித உரிமையை மிதித்துவிட்டு விஞ்ஞானம் நடக்காது' என்கிற அர்த்தத்தில் பகிரங்கக் கொள்கை அறிக்கை வெளியிட்டார். சிகாகோவின் ஏழைப் பகுதிகளிலிருந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, தொழில்நுட்பப் பயிற்சிக்கு அனுப்பி, வேலையும் கொடுத்தார். 'பாதுகாக்கத் தகுதியுள்ள நாடு' என்று செனட்டரிடம் சொன்னாரே, அது வெறும் பேச்சில்லை என்பதற்கு இது அத்தாட்சி.

மேற்கு வாசலில் ஒரு வளைவு. மூன்று கால்கள், 50 அடி உயரம். ஒரு பக்கம் ஆரஞ்சு, மறு பக்கம் கறுப்பு. நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மட்டும் சமச்சீராகத் தெரியும். வேறு எங்கிருந்து பார்த்தாலும் கோணல். 'உடைந்த சமச்சீர்' என்று வில்சன் வைத்த பெயர், துகள் இயற்பியலின் ஆதாரமான கருத்துகளில் ஒன்று. இரும்பு எங்கிருந்து வந்தது? 'பிரின்ஸ்டன்' என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலை உடைத்த தகடுகள்! போர்க்கப்பல் உருகி வாசல் வளைவாக நிற்கிறது. வில்சன் செய்ததிலேயே வில்சனைப் போலவே இருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

முடிவு அவ்வளவு சுமுகமாக இல்லை. இயந்திரத்தின் சக்தியை இரட்டிப்பாக்கும் அடுத்த கட்டத்துக்கு அரசு போதிய பணம் தரவில்லை. 'இப்படி அரைகுறையாக நடத்த முடியாது' என்று 1978-ல் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்தார். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! அவர் கனவு கண்ட இயந்திரத்தை மற்றவர்கள் முடித்தார்கள். 1995-ல் 'டாப் குவார்க்' என்ற அடிப்படைத் துகள் பிடிபட்டது அதில்தான். 2011 செப்டம்பரில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள்.

ராஜினாமா செய்த அதே 1978-ல் வில்சன் ஒரு வேலையை முடித்தார். கட்டடத்துக்கு எதிரே உள்ள குளத்தின் முனையில் 32 அடி உயரத்தில் எஃகு ஸ்தூபி. தானே வெல்டிங் செய்வேன் என்றார். 'யூனியனில் இல்லாத ஆள் பற்றவைக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டார்கள். இயக்குநர் என்ன செய்தார்? யூனியனில் சேர்ந்து, ஒரு வெல்டரிடம் அப்ரண்டிஸாகி, சாப்பாட்டு இடைவேளையிலும் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து பற்றவைத்தார். குறடை உருக்கிய அதே கை!

அந்த ஸ்தூபிக்கு இத்தாலிய மொழியில் அவர் வைத்த பெயர், 'அக்வா அல்லே ஃபூனி'. 'கயிற்றுக்குத் தண்ணீர்!' என்று அர்த்தம். 1586-ல் ரோம் நகரில் போப்பாண்டவரின் சதுக்கத்தில் பிரம்மாண்டமான கல்தூணை நிமிர்த்தியபோது நடந்ததாக ஒரு கதை உண்டு. நூற்றுக்கணக்கான ஆட்கள் கயிற்றை இழுக்கிறார்கள். கட்டளை காதில் விழவேண்டும் என்பதற்காக, 'வேடிக்கை பார்க்கிறவர்கள் வாயைத் திறந்தால் மரண தண்டனை' என்று உத்தரவு. தூண் பாதி எழும்பியிருக்கும்போது கயிறுகள் சூடேறித் தொய்கின்றன. அத்தனை பேரும் பார்க்கிறார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு மாலுமி மட்டும் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் கத்துகிறான்: 'கயிற்றுக்குத் தண்ணீர் விடுங்கள்!' நனைந்த கயிறு இறுகியது. தூண் நிமிர்ந்தது. மாலுமிக்குத் தண்டனைக்குப் பதில் வெகுமதி கிடைத்தது.

லாஸ் அலமாஸில் நோட்டீஸ் ஒட்டிக் கூட்டம் போட்ட வில்சன், அந்த மாலுமியைப் போல ஒரு தடவை வாயைத் திறந்தவர்தான். ஆனால் ஒரு நல்ல பேச்சாளர் சமாதானம் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். கத்தவேண்டிய மே மாதத்தில் கத்தவில்லை.

2000 ஜனவரி 16-ம் தேதி, 85 வயதில் வில்சன் காலமானார். ஃபெர்மிலாப் நிலத்துக்குள்ளேயே, அந்தப் பகுதியில் முதன்முதலில் குடியேறியவர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அவரை அடக்கம் செய்தது அங்கேதான். குளத்து முனையில் ஸ்தூபி இன்றும் நிற்கிறது. தினமும் வேலைக்கு வரும் விஞ்ஞானிகள் அதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போகவேண்டும். வில்சன் அதற்கு வேறு எத்தனையோ அழகான பெயர் வைத்திருக்கலாம். உத்தரவை மீறி வாயைத் திறந்த ஒரு மாலுமியின் கூச்சலைத்தான் வைத்தார்.